நடு ஈரத்துக்குக் கவுண்டர் இல்லை

முப்பத்திநான்கு வருடம் லிஃப்ட் ஓட்டியவன் நான். ஆகவே எனக்குப் பொய் சொல்ல வராது. ஏறுகிறவர் எந்த மாடி என்று சொல்கிறாரோ அந்த மாடியில் இறக்கிவிட வேண்டும். அதில் கற்பனைக்கு வேலை இல்லை. மேலே, கீழே, அவ்வளவுதான். நடுவில் நின்றால் அதற்குப் பெயர் பழுது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் வருவதை நீங்கள் நம்பமாட்டீர்கள்.

என் மனைவி போய்ச்சேர்ந்து ஒரு வருடம் கழித்து வீட்டில் ஒரு விரிசல் வந்தது. வெளிச்சுவரில், சமையலறை ஜன்னலின் கீழ்மூலையிலிருந்து தரை வரைக்கும். வெயில் காலத்தில் வாய் திறக்கும், மழைக் காலத்தில் மூடிக்கொள்ளும். மூன்று வருடத்தில் நன்றாக வளர்ந்து, மாற்றுச் சாவியை உள்ளே வைக்கிற அளவுக்கு வசதியாகிவிட்டது. ஒரே தொல்லை, மழை வந்தால் சுவர் சாவியைக் கடித்துக்கொள்ளும். ஒரு தடவை கையிலிருந்த சாவியை வீட்டுக்குள் வைத்துவிட்டுக் கதவை இழுத்துப் பூட்டிவிட்டேன். மழை விட்டு, வெயில் அடித்து, சுவர் வாயைத் திறக்க நான்கு நாள் ஆனது. நான்கு நாளும் வாசலில் நின்றேன். தெருவில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பெரியவர் காற்று வாங்குகிறார் என்று நினைத்திருப்பார்கள்.

இந்த நிலையில்தான் கட்டட உறுதி அலுவலகத்திலிருந்து தொப்பி போட்ட ஒருவர் வந்தார். அளவுகோலை விரிசலுக்குள் விட்டார். உள்ளே எதுவோ இடித்தது.

"இது என்ன?"

"மாற்றுச் சாவி."

அவர் குறித்துக்கொண்டார்: 'விரிசல் பயன்பாட்டில் உள்ளது.' பிறகு ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தார். தொண்ணூறு நாளைக்குள் வீட்டுக்கு அடியில் இருக்கும் மண் உறுதியானது என்று மண் உறுதி ஆய்வு நிலையத்திடம் சான்றிதழ் வாங்க வேண்டும். இல்லாவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும், அவர்கள் இடித்துவிடுவார்கள்.

அன்று மாலை மகள் தொலைபேசியில் பேசினாள். ஞாயிறுக்கு ஞாயிறு பேசுவாள்.

"அப்பா, மண்ணுக்குப் போய் சர்டிபிகேட் வாங்கிட்டு அலையப் போறீங்களா? பேசாம இங்க வந்துடுங்க. ஒரு ரூம் சும்மாதான் கிடக்கு."

"எந்த ரூம்?"

"துணி காயப்போடற ரூம்."

"நான் வந்துட்டா துணி எங்க காயும்?"

"அப்பா!"

மகள் நல்லவள். ஆனால் இந்த வீட்டில் என் மனைவி எதை எங்கே வைத்தாளோ அது அங்கேயே இருக்கிறது. கரண்டி மூன்றாவது ஆணியில் இருக்கும். இருட்டில் கை நீட்டினாலும் கிடைக்கும். மகள் வீட்டில் என்னை எந்த ஆணியில் மாட்டினாலும் அது வேறு எதற்கோ அடித்த ஆணியாகத்தான் இருக்கும். அதனால் மண் நிலையத்துக்குப் போனேன்.

பெரிய கட்டடம். காத்திருக்கும் கூடத்தில் நூறு நாற்காலிகள். நான் மட்டும் இருந்தேன். டோக்கன்காரர் கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு டோக்கனைக் கிழித்துக் கொடுத்தார். நான் ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்ததும் கூடத்தைப் பார்த்து உரக்கக் கூப்பிட்டார்.

"அடுத்தது!"

நான் எழுந்திருக்கவில்லை. முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா.

"பெரியவரே, உங்களைத்தான். அடுத்தது!"

நான்கு வருடத்தில் என்னைப் பார்த்து 'அடுத்தது' என்று சொன்ன முதல் மனிதர் அவர். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

அவர் ஒரு இரும்புக் குழாயைக் கொடுத்தார். ஜன்னலுக்குக் கீழே தரையில் இதை இறக்கி மண்ணை அலுங்காமல் எடுத்துவர வேண்டுமாம்.

"எடுக்கறது மண்ணுக்கே தெரியக் கூடாது. தெரிஞ்சா அது குணம் மாறிடும்."

மண்ணுக்குத் தெரியாமல் எடுத்து, சாப்பாட்டு டப்பாவில் வைத்து, மறுநாள் கொண்டுபோனேன். அது 'மாதிரி எண் நான்காயிரத்து நானூற்றுப் பதினேழு' ஆயிற்று.

"ஈரமா, காஞ்சதா?" என்றார் டோக்கன்காரர்.

"ரெண்டும் இல்லீங்க. நடுவுல."

அவர் முகம் வாடிவிட்டது. "நடு ஈரத்துக்குக் கவுண்டர் இல்லையே. கிழக்குக் கட்டடம் ஈரப் பிரிவு. மேற்குக் கட்டடம் உலர் பிரிவு."

"உலகத்துல மண்ணெல்லாம் பெரும்பாலும் நடுவுலதான இருக்கு?"

"உலகத்துல இருக்கலாம் பெரியவரே. நிலையத்துல இல்ல."

முதலில் ஈரப் பிரிவுக்குப் போனேன். அங்கே இருந்த அதிகாரி மண்ணை விரலால் தொட்டுப் பார்த்து, இது எங்கள் மண் இல்லை என்றார். நான் திரும்பிப் போகப் பார்த்தேன். அவருக்கு இரக்கம் வந்துவிட்டது. ஒரு குவளைத் தண்ணீரை அதன்மேல் ஊற்றி, "இப்ப எங்க மண்ணு" என்று பதிவேட்டில் ஏற்றிக்கொண்டார். மறுநாள் கூப்பிட்டு, மண் மிகவும் இளகியிருக்கிறது, ஆனாலும் உலர் பிரிவின் கருத்தைக் கேட்காமல் முடிவு சொல்வது மரியாதை இல்லை என்று என் கையிலேயே கொடுத்து அனுப்பினார்.

இரண்டு கட்டடத்துக்கும் நடுவே நீளமான சிமெண்ட் முற்றம். அதில் ஒரு மரம் கிடையாது. மரம் வைத்தால் நிழல் விழும், நிழல் விழுந்தால் நிலையம் ஈரத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது என்று உலர் பிரிவு வழக்குப் போடும். அந்த வெயிலில் டப்பாவைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். உலர் பிரிவு அதிகாரி தொட்டுப் பார்த்து, இது ஈரம், எங்களுடையது இல்லை என்றார். பிறகு அவருக்கும் இரக்கம் வந்தது. சூட்டு அலமாரியில் வைத்து மூன்று நாள் காயவைத்து, "இப்ப எங்களுது" என்றார். கல் மாதிரி இறுகியிருந்தது. மிகவும் உறுதியான மண் என்று பாராட்டினார். ஆனாலும் ஈரப் பிரிவின் கருத்தைக் கேட்காமல் முடிவு சொல்வது மரியாதை இல்லை என்றார்.

இப்படி அந்த இரண்டு பிரிவும் ஒன்றுக்கொன்று காட்டிய மரியாதையில் என் மண் நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்து போய்வந்துகொண்டிருந்தது. இதற்கு நிலையத்தில் ஒரு பெயர் இருந்தது: சுற்று ஆய்வு. இதைச் செய்வதற்காகவே வெளியூர்களிலிருந்து நிபுணர்கள் வந்து கற்றுக்கொண்டு போவார்களாம். எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. நான் சுமந்தேன், அவ்வளவுதான்.

ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் நடுவில் அடித்தளத்தில் ஒரு அறைக்குப் போக வேண்டும். அங்கேதான் உறுதியை அளந்தார்கள். அளந்தது ஒரே ஒரு அம்மா. நரை விழுந்த தலையில் எப்போதும் ஒரு ஹெட்போனை மாட்டிக்கொண்டிருப்பார். எல்லோரும் காதம்மா என்று கூப்பிட்டார்கள். மண்ணை ஒரு தாங்கியில் வைத்து, ஒரு பக்கம் நகத்தளவு தகட்டால் தட்டுவார். மறுபக்கம் இன்னொரு தகடு அதைக் கேட்கும். தட்டினது எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேருகிறது என்பதுதான் கணக்கு.

"இறுகின மண்ணு சட்டுனு பதில் சொல்லும். இளகினது யோசிச்சுச் சொல்லும்" என்றார்.

"என் மண்ணு எப்படிம்மா?"

"முதல் சுத்துலயே உறுதி ரொம்ப விழுந்துடுச்சு. அதுதான் பெரிய அடி. அடுத்தடுத்த சுத்துல கொஞ்சம் கொஞ்சமா விழும். அப்புறம் பழகிடும்."

"பழகினா சரியாயிடுமா?"

"சரியாகாது. பழகிடும்."

நான் டப்பாவை மூடிக்கொண்டேன்.

ஆறாவது சுற்றில் அவர் மண்ணின் ஓரத்தை ஊசியால் கிளறிவிட்டு என்னைப் பார்த்தார். "இதுல பழைய தேயிலைத் தூள் இருக்கு. சோப்பு வழுவழுப்பு இருக்கு. அந்த இடத்துல ரொம்ப வருஷமா யாரோ தண்ணி ஊத்திருக்காங்க."

"என் வீட்டுக்காரி" என்றேன். "பாத்திரம் கழுவின தண்ணியைச் சமையலறை ஜன்னல் வழியா வெளிய கொட்டுவா. காலைல ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. முப்பத்தொரு வருஷம் சண்டை போட்டேன். சுவரு கெட்டுப்போகும், வீடு விழுந்துடும்னு கத்துவேன். நான் கத்தினா இன்னொரு குடம் ஊத்துவா."

காதம்மா ஹெட்போனைக் கழற்றினார். அவர் அதைக் கழற்றி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"நல்ல வேளை அவங்க உங்க பேச்சைக் கேக்கல. மண்ணை ஈரம் கெடுக்காதுங்க. காயறதும் கெடுக்காது. மாறி மாறி வர்றதுதான் கெடுக்கும். அவங்க ஊத்தி ஊத்தி முப்பத்தொரு வருஷம் ஒரே நிலைல வெச்சிருந்திருக்காங்க. அவங்க போனப்புறம் யாரு ஊத்தினது?"

யார் ஊற்றுவார்கள்? எனக்கு ஒரு தட்டு, ஒரு டம்ளர். உள்ளேயே குழாயடியில் அலசிக் கவிழ்த்துவிடுவேன். அந்தத் தண்ணீர் சாக்கடைக்குப் போனது.

"இதை அறிக்கைல எழுதுவீங்களாம்மா?"

"எழுத இடம் இல்லீங்க. படிவத்துல ஈரம், உலர்வு, ரெண்டு கட்டம்தான்."

அறுபதாவது நாள் நிலையத்தின் நாற்பத்திரண்டாவது ஆண்டு விழா. விண்ணப்பதாரர்களுக்கு அழைப்பு என்று போட்டிருந்தது. விண்ணப்பதாரர் நான் ஒருவன். பெரிய கூடத்தில் சுவர் முழுக்க முன்னாள் இயக்குநர்களின் படங்கள். இவ்வளவு நெருக்கமாக ஏன் என்று டோக்கன்காரரிடம் கேட்டேன். அவர் பக்கத்துப் படத்தை லேசாக நகர்த்திக் காட்டினார். பின்னால் விரிசல். எல்லாப் படத்துக்குப் பின்னாலும் ஒவ்வொன்று. புது விரிசல் வந்தால் மூடப் படம் வேண்டும். படம் வேண்டுமென்றால் ஒரு இயக்குநர் ஓய்வு பெற வேண்டும். அப்படித்தான் பதவிக்காலம் முடிவாகிறதாம்.

"இந்தக் கட்டடத்து மண்ணைச் சோதிக்கலையா?"

"கட்டடத்து உரிமையாளர் விண்ணப்பிக்கணும் பெரியவரே. உரிமையாளர் நிலையம். நிலையம் நிலையத்துக்கிட்ட விண்ணப்பிச்சா பாரபட்சம்னு சொல்லிடுவாங்க."

இயக்குநர் மேடை ஏறினார். கனமான மனிதர், கனமான குரல்.

"நாற்பத்திரண்டு ஆண்டுகள்! இந்த நிலையம் இதுவரை ஒரு தவறான சான்றிதழ்கூட வழங்கியதில்லை!"

கை தட்டினார்கள். டோக்கன்காரர் என் காதில், "சான்றிதழே வழங்கினதில்ல" என்றார்.

"எங்களை நம்பி வந்த மண்ணை நாங்கள் கைவிட்டதே இல்லை. அந்த மண்ணின் மேல் நின்ற வீடுகள் விழுந்திருக்கலாம். ஆனால் மண்? மண் எங்கள் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது! அவசரப்பட்டு முடிவு சொல்லி மக்களைக் குழப்பியவர்கள் நாங்கள் அல்ல. மக்கள் எங்களிடம் கேட்ட கேள்விகள் அனைத்தையும் அவர்கள் கேட்ட நிலையிலேயே, ஒரு கீறல் படாமல், பாதுகாத்து வருகிறோம்!"

பலத்த கைதட்டல். மேலிருந்து கொஞ்சம் சுண்ணாம்பு உதிர்ந்தது. எல்லோரும் தோளைத் தட்டிக்கொண்டார்கள், பழக்கம்.

ஆனால் அந்த விழாவில்தான் எனக்கு ஆபத்து வந்தது. இயக்குநருக்கு ஓய்வு நெருங்கிவிட்டது. படத்துக்குக் கீழே ஒரு சாதனையை எழுத வேண்டும். 'நிலையத்தின் முதல் சான்றிதழை வழங்கியவர்' என்று எழுதலாம் என்று யாரோ யோசனை சொல்லிவிட்டார்கள். கைவசம் உயிரோடு நடமாடிக்கொண்டிருந்த ஒரே விண்ணப்பதாரர் நான்தான். உறுதியானது என்று கொடுத்து நாளைக்கு வீடு விழுந்தால் வம்பு. உறுதியற்றது என்று கொடுத்தால் வீட்டை இடித்துவிடுவார்கள், பிறகு அது விழவே முடியாது. ஆகவே எனக்கு உறுதியற்றது என்று முடிவாயிற்று. எண்பத்தெட்டாவது நாள் குழு கூடும் என்று கடிதம் வந்தது.

அந்த ஞாயிறு மகளிடம், "அந்த ரூமுல ஜன்னல் இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்குப்பா. துணியெல்லாம் எடுத்துடறேன்" என்றாள்.

குழு கூடுவதற்கு முந்தின நாள் கடைசி அளவெடுப்பு. பதினேழு சுற்று முடிந்திருந்தது. காதம்மா வெகுநேரம் தட்டிக்கொண்டும் கேட்டுக்கொண்டும் இருந்தார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"ஒண்ணு சொல்றேன். ஒரே மண்ணு, ஒரே அளவு ஈரம். ஆனா காஞ்சுகிட்டே வந்து அந்த ஈரத்துல நின்னா ஒரு பதில் சொல்லுது. நனைஞ்சுகிட்டே வந்து அதே ஈரத்துல நின்னா வேற பதில். எந்த வழியா வந்தோம்னு அதுக்கு ஞாபகம் இருக்கு. நாளைக்கு அவங்க ஒரு எண்ணு படிப்பாங்க. அது எந்த வழியா வந்த எண்ணுன்னு கேளுங்க. வேற எதுவும் கேக்க வேணாம்."

மறுநாள் நீள மேசைக்குப் பின்னால் ஏழு பேர். ஈரத்து அதிகாரி ஒரு கோடியில், உலர் அதிகாரி மறுகோடியில், நடுவில் இயக்குநர். அவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கூட்டங்களில் அவர் எழுந்து நிற்பதே இல்லையாம்.

"மாதிரி எண் நான்காயிரத்து நானூற்றுப் பதினேழு. பதினேழு முறை நனைக்கப்பட்டு, பதினேழு முறை உலர்த்தப்பட்டது. ஆரம்பத்தில் இருந்த உறுதியில் ஐந்தில் இரண்டு பங்குதான் மிச்சம். ஆகவே..."

'ஆகவே' என்று சொல்லிப் பேனா மூடியைத் திறந்தார்.

"ஐயா, ஒரு சந்தேகம்" என்றேன்.

"விண்ணப்பதாரருக்குச் சந்தேகம் வர விதியில் இடமில்லை."

"தெரியாம வந்துடுச்சுங்க. அந்த ரெண்டு பங்கு எந்த ஈரத்துல அளந்தது?"

அவர் தாளைப் பார்த்தார். "நடு ஈரத்தில்."

"காஞ்சு இறங்கின நடு ஈரமா, நனைஞ்சு ஏறின நடு ஈரமா?"

எனக்கு விளக்க வேண்டும் போலிருந்தது. "நான் லிஃப்ட் ஓட்டினவன்யா. லிஃப்ட் கெட்டுப்போற நாள்ல மூணாவது மாடில நின்னு பாத்திருக்கேன். மாடி என்னவோ ஒண்ணுதான். கீழருந்து ஏறி வந்தவன் மூச்சு வாங்கிட்டு நிப்பான். மேலருந்து இறங்கி வந்தவன் சீட்டியடிச்சுட்டு நிப்பான். யாருக்கு உடம்பு சரியில்லன்னு மாடியை மட்டும் வெச்சுச் சொல்ல முடியுங்களா?"

ஏழு பேரும் ஒரே நேரத்தில் தாளைப் புரட்டினார்கள்.

"நனைஞ்சு ஏறினது. எங்க அளவு" என்றார் ஈரத்து அதிகாரி.

"நீங்க நடு ஈரத்தை எப்படி அளக்கலாம்? உங்க எல்லை முழு ஈரம்!" என்றார் உலர் அதிகாரி. "அது காஞ்சு இறங்கினது. எங்களுது."

"காய்ஞ்சு முடியாததை அளக்க உங்களுக்கு யாரு அதிகாரம் குடுத்தா?"

நாற்பத்திரண்டு வருட மரியாதை ஐந்து நிமிடத்தில் போயிற்று. ஒருவர் மேசையைத் தட்டினார். இன்னொருவர் மறுகோடியில் அதைக் கேட்டார். இயக்குநர் பொறுக்கமாட்டாமல் எழுந்து நின்றுவிட்டார். அவர் முதுகுக்குப் பின்னால் மேலிருந்து கீழ்வரை ஒரு விரிசல். என்னுடையதைவிடப் பெரியது, இரண்டு சாவி வைக்கலாம். ஏழு பேரில் ஆறு பேர் உடனே கூரையைப் பார்த்தார்கள்.

இயக்குநர் மெல்ல உட்கார்ந்து, சாய்ந்து, தீர்ப்புச் சொன்னார். சான்றிதழ் நிறுத்திவைக்கப்படுகிறது. இந்தப் பிரச்சினையைத் தீர்க்க 'இடைநிலை ஈரப் பிரிவு' என்ற மூன்றாவது பிரிவு நிறுவப்படும். அதைத் தோற்றுவித்தவர் என்று தன் படத்துக்குக் கீழே எழுதலாம். அந்தப் பிரிவுக்குக் கட்டடம் கட்டும் வரைக்கும், மேற்படி மண்ணிலிருந்து இனிமேலும் மாதிரி எடுக்கத் தேவைப்படும் என்பதால், அந்த மண்ணின் மேல் இருக்கும் பாரம் மாறக் கூடாது. வீட்டை இடிக்கக் கூடாது. அதில் குடியிருப்பவரையும் அகற்றக் கூடாது. கட்டட உறுதி அலுவலகத்துக்கும் நகல் போயிற்று.

அந்த உத்தரவில் என் எடையும் இருக்கிறது. அறுபத்திரண்டு கிலோ. நான் வீட்டில்தான் இருக்கிறேனா, குறைந்துவிடவில்லையா என்று பார்க்க மாதம் ஒருவர் தராசோடு வருகிறார். அவர் வருகிற நாளில் இரண்டு டம்ளர் டீ போடுவேன்.

மகளிடம் விவரத்தைச் சொன்னேன். "அப்ப வரமாட்டீங்க" என்றாள். "சட்டம் விடமாட்டேங்குதும்மா" என்றேன். துணியை மறுபடியும் அந்த ரூமில் போட்டுவிட்டாள் என்று நினைக்கிறேன். நான் கேட்கவில்லை.

இப்போது காலையிலும் மாலையிலும் பாத்திரம் கழுவின தண்ணீரை ஜன்னல் வழியாகக் கொட்டுகிறேன். ஒரு தட்டு, ஒரு டம்ளர் கழுவினால் மண் நனையாது. அதனால் அலமாரியில் சுத்தமாக இருக்கிற தட்டுகளையும் எடுத்துக் கழுவி வைக்கிறேன். இந்தக் கோடையில் விரிசலுக்குள் சாவி நுழையவில்லை. வைக்க வேறு இடமில்லை, கொடுத்துவைக்கப் பக்கத்தில் ஆளும் இல்லை. காதம்மாவிடம் கொடுத்தேன். அவர் அதில் 4417 என்று சீட்டு ஒட்டி ரசீது கொடுத்தார்.

சுவர் தேறிவிட்டதா என்று பார்க்க எனக்கே ஒரு வழி தெரியும். என் மனைவி சமையலறையிலிருந்து கரண்டியால் சுவரைத் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் சாப்பிட வா. இரண்டு என்றால் உடனே வா. நான் கூடத்தில் இருந்து கேட்பேன். கேட்டும் கேட்காத மாதிரி இருந்ததும் உண்டு. இப்போது மூன்றாவது ஆணியிலிருந்து அதே கரண்டியை எடுத்து, அதே இடத்தில் ஒரு தட்டு தட்டுகிறேன். தட்டிவிட்டு ஓடிப்போய்க் கூடத்துச் சுவரில் காதை வைக்கிறேன்.

எழுபத்தொரு வயதில் சத்தத்தை முந்த முடியவில்லை. நான் போவதற்குள் அது போய்விடுகிறது. ஆனால் முன்னைக்கு இப்போது எனக்கு வேகம் வந்திருக்கிறது. போன வாரம் சமையலறை வாசற்படி வரைக்கும் நான்தான் முன்னால் இருந்தேன். இன்னும் கொஞ்சம் பழகினால் ஒரு நாள் கேட்டுவிடலாம்.